புள்ளி வைத்துப் பார்த்தல்

சனிக்கிழமை, மழை விட்ட மூன்றரை மணி.
பிராஸ் பசா கட்டடத்து மாடிக் கடையில்
இருபத்தைந்து வெள்ளிக்கு மேல் ஒரு காசும் இல்லை என்று
எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு நுழைகிறேன்.

ஹுவே லிங் கண்ணாடிப் பேழையைத் திறக்கும்முன் கேட்கிறாள்:
கையெழுத்துப் போடவா, பரிசு கொடுக்கவா?
எழுத, என்கிறேன்.
தினமுமா?
தினமும். சில சமயம் நின்றுகொண்டே.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவள் என்றால்
எல்லாரும் கொலையைப் பற்றியே கேட்பார்கள்.
எனக்கு வாய்ப்பதெல்லாம்
வாடகை பாக்கி, லாரி உரசல்,
காப்பிக்கடையில் விழுந்த ஓர் அறை.

முதல் பேனா பித்தளை.
மூடியைப் பின்னால் செருகியதும்
தலை கனத்துச் சாய்கிறது,
விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி.

அடுத்தது பள்ளிப் பிள்ளைகள் வாங்குவதாம்.
விரல் இங்கே இருக்கட்டும் என்று
பிடியில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள்
வலக்கைக்காரர்களுக்கு.
என் இடக்கை அதில்
பிறர் செருப்பில் நுழைந்த கால்.

மூன்றாவது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
ஆனால் நடுத்தர முனை.
ஆங்கிலத்துக்குப் போதும்.
'இ' எழுதினால் உள்ளறைகளில் மை நிரம்பிவிடுகிறது.
'ஞ' வுக்குச் சன்னல் வேண்டும் என்று
இவளுக்கு எப்படிச் சொல்வது?

சோதனைத் தாளில் யார் யாரோ எழுதிப் போனவை:
எட்டு எட்டாகச் சுழித்த எண்கள்,
ஒருவனின் தொலைபேசி எண் பாதி,
நிரந்தரம் என்று பொருள்படும் ஒரே சீன எழுத்து, பலமுறை.
எல்லா வகைக் கோடும் அதில் இருக்கிறதாம்.
உங்கள் மொழியில் எதை எழுதிப் பார்ப்பீர்கள்?

போன மாதம் எங்கோ இலவசமாகத் தந்த பந்துமுனைப் பேனா
ஒரு புள்ளியை விழுங்கியது.
"பல் உடைஞ்சது" என்றார் சாட்சி.
என் தாளில் "பல உடைஞ்சது".
குறிப்பைப் பார்த்துச் சொன்னபோது
ஒரு கணம்
வாய் முழுதும் நொறுங்கிக் கிடந்தது.
திருத்திக்கொண்டேன்.
நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
அந்தப் பார்வையின் விலைதான்
இந்த இருபத்தைந்து வெள்ளி.

ஆகவே புள்ளி மட்டும் வைக்கிறேன்.
ஒரு வரி முழுக்க,
கீழே எழுத்தே இல்லாமல்.
மழை வரைகிறீர்களா என்கிறாள்.

பித்தளை நான்கில் ஒன்றைத் தவறவிட்டது.
உடம்பெல்லாம் வெளியே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பேனா,
மிக மெல்லிய முனை, பதினெட்டு வெள்ளி தொண்ணூறு,
தொட்ட இடமெல்லாம் ஈரம் வைத்தது.
முப்பத்தொரு புள்ளி. எண்ணிவிட்டேன்.

மை உறிஞ்சி தனியாம். ஏழு வெள்ளி.
தொண்ணூறு காசில் உடைந்தது சத்தியம்.
நீலக்கறுப்புப் புட்டி ஒன்றை
தள்ளுபடிக் கூடையிலிருந்து எடுத்தபோது
அதைப் பற்றி நான் நினைக்கவில்லை.

திங்கள். எலும்பு வரை குளிரூட்டி.
முனை காயவில்லை.
கூண்டில் நெடுமாறன் என்பவர், கிடங்குக் காவலாளி.
அன்றைக்கு நீங்கள் தடுத்திருக்க முடியாதா என்ற கேள்வியை
தமிழில் வைத்துவிட்டுக்
காத்திருக்கிறேன்.

அவர் பேசவில்லை.
தாளைத் தொட்டபடி நின்ற முனையிலிருந்து
ஒரு புள்ளி பெருக்கிறது.
கடுகு. பிறகு மிளகு.
மௌனத்தை மொழிபெயர்க்க எனக்கு உத்தரவில்லை.
பழைய பேனா என்றால்
அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்திருக்கும்.
இப்போது அடுத்த பக்கத்துக்கும் ஊறிவிட்டது.

"தெரியலைங்க" என்றார்.
அதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாலையில் குறிப்புகளை
வழக்கம்போல் அரைக்கும் இயந்திரம் தின்றது.
ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போது பார்க்கிறேன்:
இடக்கைச் சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீலக்கறுப்பு.
சீக்கிரம் காயும் என்றுதானே விற்றாள்.
சனிக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.